எட்டு மைல் தண்டவாளம்

எங்கள் பாட்டனார் தம்மைப் பிரெஞ்சு இரயில்காரர் என்று சொல்லிக்கொள்வார். எங்கள் தந்தையார் அதைப் பொய் என்பார். இருவருமே இரயில்வேயில் உழைத்தவர்கள்தாம். ஒருவர் தண்டவாளத்தின்மேல் நடந்தவர். மற்றவர் பயணச்சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்தவர். இந்த ஒரு சொல்லை முன்னிட்டு அவ்விருவரும் ஆறு ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமலேயே பாட்டனார் போய்ச் சேர்ந்தார். அந்த வழக்கில் உண்மை யார் பக்கம் இருந்தது என்பதை, எங்கள் தலைகளும் நரைத்த பிறகு, ஓர் இரும்புப் பெட்டியின் அடியில் கிடந்த காகிதத்திலிருந்துதான் அக்காளும் தம்பியர் இருவருமாகிய நாங்கள் மூவரும் அறிந்துகொண்டோம்.

தந்தையாருக்குத் திண்டிவனத்தில் பணி. நாங்கள் வளர்ந்ததும் அங்கேதான். பாட்டனாரின் ஊரோ விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகும் பாதையில், சின்னபாபுசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்குப் போக வேண்டுமானால் முதலில் தெற்கே வண்டி ஏற வேண்டும். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று விழுப்புரம் வந்து, அங்கே இறங்கி, பாண்டிச்சேரி வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வர எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அதே தூரம்தான் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கும். ஆனால் சிறுவர்களாகிய எங்களுக்கு இரண்டாவது பயணமே நெடும்பயணமாகத் தோன்றும். அந்த வண்டி எதற்கும் அவசரப்பட்டதில்லை.

விழுப்புரத்தில் வண்டி மாறியவர்களுக்கு அந்த நிலையத்தின் தன்மை தெரியும். வடக்கே சென்னை, கிழக்கே பாண்டிச்சேரி, தென்கிழக்கே கடலூர், மாயவரம், தஞ்சை, தென்மேற்கே விருத்தாசலம், திருச்சி, வடமேற்கே திருவண்ணாமலை, காட்பாடி என ஐந்து திசைகளுக்கு அங்கிருந்து பாதை பிரிகிறது. எந்த வண்டியும் அங்குச் சிறிது நேரம் நின்றே தீரும். நீராவிக் காலத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். 1960களின் பிற்பகுதியில் தாம்பரத்துக்குத் தெற்கே நீண்ட மின்சாரக் கம்பி விழுப்புரத்தோடு முடிந்துபோனதால், சப்பானிலிருந்து வந்த மீட்டர் பாதை மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கரி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ பூட்டுவார்கள். அந்தக் கால் மணி நேரந்தான் விழுப்புரத்து வடைக்காரர்களுக்கும் தேநீர்க்காரர்களுக்கும் படியளந்தது. எங்கள் குடும்பக் கதையும் அந்தக் கால் மணி நேரத்துக்குள் அடங்கியதுதான். அதைப் பின்னால் சொல்கிறோம்.

இந்த ஐந்து பாதைகளும் யாருடையவை என்று இன்று கேட்டால் 'தென்னக இரயில்வே' என்று ஒரே சொல்லில் விடை வரும். அந்தப் பெயரே 1951 ஏப்ரல் 14-ஆம் நாள்தான் பிறந்தது. தென்னிந்திய இரயில்வே, மதராஸ் – தென் மராட்டா இரயில்வே, மைசூர் அரசு இரயில்வே ஆகிய மூன்றையும் சேர்த்து அதை அமைத்தார்கள். அதற்கு முன் இரயில் என்றால் கம்பெனி. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'கம்பெனி வண்டி' என்றே சொல்வார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860களின் தொடக்கத்தில் பாதையிட்ட கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனியும், கர்நாடிக் கம்பெனியும் 1874-இல் ஒன்றாகித் தென்னிந்திய இரயில்வே ஆயின. எஸ்.ஐ.ஆர். என்று மக்கள் வாயில் வழங்கியது அதுதான். சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் மீட்டர் பாதையை அது அடுத்த சில ஆண்டுகளில் போட்டு முடித்தது. அந்த ஆண்டுகள் எவை என்பதை மறக்கலாகாது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். ஊரில் விதைநெல்லும் தீர்ந்தபின் கூடையைத் தூக்கிக்கொண்டு மண் சுமக்கப் போனவர்களுள் தம் முன்னோர் ஒருவரும் இருந்தார் என்று பாட்டனார் சொல்வார். இதற்கு எழுத்துச் சான்று கிடையாது. பஞ்சத்தில் மண் சுமந்தவர்களின் பெயரை எந்தக் கம்பெனி எழுதி வைத்தது?

சென்னையில் இரண்டு பெரிய நிலையங்கள் இருப்பதும் கம்பெனிகள் விட்டுச்சென்ற வழக்கமே. 1856-இல் இராயபுரத்திலிருந்து மேற்கே வண்டி விட்ட மதராஸ் இரயில்வே வேறு கம்பெனி. அதன் பாதை அகலப் பாதை. அதற்குச் சென்ட்ரல் நிலையம். எஸ்.ஐ.ஆருக்கு 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையம். திண்டிவனத்தில் ஏறிய ஒருவர் பம்பாய்க்குப் போக வேண்டுமானால் எழும்பூரில் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மற்றக் கம்பெனியின் வாசலுக்கு வண்டி பேச வேண்டும். இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே பயணி தான் பாலம். காட்பாடியிலும் அப்படியே. விழுப்புரத்திலிருந்து மீட்டர் பாதையில் போன நெல் மூட்டை அங்கே ஒரு முறை இறங்கி, அகலப் பாதை வண்டியில் மறுபடி ஏறும்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போட் மெயில் ஓடியது, அங்கிருந்து கப்பல், தலைமன்னாரில் மறுபடியும் இரயில். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் எத்தனை பேர் எங்கள் நிலையத்து வெளிச்சத்தை இரவில் கடைசியாகப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. 1964 திசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோன நாள்கள் அக்காளுக்கு நன்றாக நினைவிருக்கின்றன. தந்தையாரிடம் தந்திச் செய்தி கேட்கச் சன்னலில் கூட்டம் நின்றதாம்.

பாண்டிச்சேரிப் பாதைக்கு வருவோம். 1879-இல் திறக்கப்பட்டது. விழுப்புரத்தில் தொடங்கும் அது வளவனூர், சின்னபாபுசமுத்திரம் வரை ஆங்கிலேயர் ஆண்ட மண்ணில் ஓடி, பிறகு எல்லையைத் தாண்டி, வில்லியனூர் வழியாகப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாண்டிச்சேரிக்குள் நுழையும். வில்லியனூர் லூர்து அன்னை திருவிழாவுக்கு எங்கள் பக்கத்து மக்கள் போனதும் அந்த வண்டியில்தான். வண்டி ஒன்று, எஞ்சின் ஒன்று, தண்டவாளமும் நீளமாக ஒன்று. நடுவில் கண்ணுக்குத் தெரியாத கோடு. அந்தக் கோட்டுக்காகவே சுங்கச் சோதனை, மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தல், மடியைத் தடவிப் பார்த்தல் எல்லாம். 1941-இல் இரு தரப்பும் சுங்க உடன்பாடு செய்துகொண்டபின் சில ஆண்டுகள் தளர்ந்திருந்தது. 1949-இல் அந்த உடன்பாடு முறிந்ததும் மறுபடி இறுகியது.

பாட்டனார் 1923-இல் கேங்மேனாகச் சேர்ந்து, பின்னாளில் கீமேன் ஆனவர். அவருடைய கேங்குக்கு ஒதுக்கிய மூன்று மைல் பாதை, எல்லைக்கு அப்பால், பிரெஞ்சு மண்ணில் இருந்தது. வீடு இப்பக்கம், வேலை அப்பக்கம். விடியுமுன் இங்கே கஞ்சி குடித்துவிட்டு அங்கே போவார். தோளில் நீண்ட சுத்தியல், முறுக்கும் சாவி, கக்கத்தில் சுருட்டிய சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. தளர்ந்த ஆப்பை அடித்து இறுக்குவதும், கழன்ற மரையை முடுக்குவதும், வெடிப்பு உண்டா என்று குனிந்து பார்ப்பதும் கீமேனின் தொழில். கோடையில் தண்டவாளம் நீளும். இடைவெளி போதாவிட்டால் வளைந்துவிடும். மழைக்காலத்தில் கரை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விளக்கோடு இரவிலும் நடப்பார்கள். "வண்டிக்குள்ள இருக்கறவன் தூங்கணும்னா வெளியில ஒருத்தன் முழிச்சிருக்கணும்" என்பார். பெருமையாகச் சொல்லமாட்டார், நெல் காய வைத்ததைச் சொல்வது போலச் சொல்வார்.

அவர் பெருமைப்பட்டது வேறொன்றுக்கு. 'நான் நடக்கிறது பிரெஞ்சுக்காரன் பாதை' என்பதற்கு.

1954-இல் அவர் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் பாண்டிச்சேரி இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. கையில் கிடைத்தது சேமநிதித் தொகை மட்டுமே. அதில் ஒரு பங்கு அத்தையின் திருமணக் கடனுக்குப் போயிற்று. மிச்சம் கூரைக்கு ஓடு போடப் போயிற்று. மாதாமாதம் வரும் ஓய்வூதியம் என்பது இரயில்வேயில் 1957-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டு முந்திப் பிறந்த குற்றத்துக்கு அவருக்கு அது கிடையாது. தந்தையாருக்கு உண்டு. இந்த வேறுபாட்டைப் பாட்டனார் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எட்டு மைல் தள்ளிப் பாண்டிச்சேரியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கிழவர்கள் மாதந்தோறும் பணம் வாங்கிவருவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

1962 ஆகஸ்டு 16-இல் பாண்டிச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள அங்குப் பிறந்தவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். 'யார் யாருக்கோ பென்ஷன் எழுதுகிறார்கள்' என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. பாட்டனார் வெள்ளை வேட்டி கட்டி, தம் பித்தளை வில்லையைத் துணியில் முடிந்துகொண்டு, ஓர் அலுவலகத்தின் வாசலில் போய் நின்றார். எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். அங்கிருந்தவர் வில்லையைக் கையில் வாங்கி, அதில் பொறித்திருந்த எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்துகளைக் காட்டி, "பெரியவரே, இது வெள்ளைக்காரன் கம்பெனி. நீர் எங்கள் ஆள் அல்ல" என்று சிரித்தாராம். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்களாம்.

அதே மாலை அவர் திண்டிவனம் வந்தார். ஏழு வயதுச் சிறுமியாயிருந்த அக்காள் நடையில் அமர்ந்து கேட்டதை, நாங்கள் பல முறை திரும்பக் கேட்டிருக்கிறோம்.

"சம்பளம் குடுத்தது யாரு? எஸ்.ஐ.ஆர்.தானே? அப்புறம் பிரெஞ்சுக்காரன் எதுக்குப் பென்ஷன் குடுப்பான்? பொய் சொல்லிப் பணம் கேக்கப் போனீங்களா?" என்றார் தந்தையார்.

"சம்பளத்த விடு. நான் நடந்த பாதை யாருது? அதச் சொல்லு" என்றார் பாட்டனார்.

தந்தையார் பதில் சொல்லவில்லை. செய்தி அதற்குள் இரயில்வே வட்டாரத்தில் பரவி, சன்னலுக்குப் பின்னால் அவரைப் 'பிரெஞ்சுக்காரர் மகன்' என்று தோழர்கள் கேலி செய்யத் தொடங்கியிருந்தனர். கணக்கில் ஒரு காசு பிசகினாலும் இரவு முழுதும் உட்கார்ந்து தேடுகிற மனிதருக்கு அது தாங்கவில்லை. பாட்டனார் அன்றிரவே கடைசி வண்டியைப் பிடித்துப் போனார். அதன்பின் எங்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

இப்போது அந்தக் கால் மணி நேரம். அம்மாவின் பிறந்தகம் விருத்தாசலத்தில் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை விழுப்புரம் வழியாகப் போவோம். எப்படியோ அம்மா சொல்லியனுப்பியிருப்பார். எங்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் பாட்டனார் நிற்பார். கையில் வறுத்த மல்லாட்டைப் பொட்டலம். உணவுச்சாலைப் பக்கம் அவர் போகமாட்டார். எஸ்.ஐ.ஆர். நிலையங்களின் உணவுச்சாலையில் பிராமணர்க்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம் இருந்து, 1941-இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது. நீங்கி இருபது ஆண்டுகள் ஆகியும் அவர் கால் அந்தப் படியில் ஏறவில்லை. நடைமேடையில் குந்தி, மல்லாட்டையை உரித்து உரித்து எங்கள் கையில் போடுவார்.

அந்த நேரத்தில் தந்தையார் எங்கே இருந்தார்? வண்டி நின்றதும் அவர் இறங்கி, எஞ்சின் மாற்றுவதைப் பார்க்க முன்பக்கம் போய்விடுவார். வண்டி ஊதிய பிறகே ஓடி வந்து ஏறுவார். எங்கள் தந்தைக்கு எஞ்சின் என்றால் உயிர் என்று நாங்கள் பள்ளியில் சொல்லிக்கொண்டோம். அவர் எஞ்சினைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை என்பது, பிள்ளைகள் பெற்றபின்தான் எங்களுக்கு உறைத்தது.

1968-இல் பாட்டனார் மறைந்தார். அடக்கத்துக்குத் தந்தையார் வந்தார். குழியில் மண் போட்டார். மாலை வண்டிக்குத் திரும்பினார். அவ்வளவுதான்.

2012-இல் தந்தையார் இறந்தபின் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். சம்பளச் சீட்டுகள், ஓய்வூதியப் புத்தகம், எங்கள் ஞானஸ்நானச் சான்றுகள். எல்லாவற்றுக்கும் அடியில், கோடிட்ட முழுத்தாள் ஒன்று நான்காக மடிந்து கிடந்தது. மேலே 1971 என்று ஆண்டு. சென்னைக்குப் பணிநிமித்தம் போன ஏதோ ஒரு நாளில், இரயில்வே வாரியம் முன்பு வெளியிட்ட இந்திய இரயில்வேக்களின் வரலாற்று நூலைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து ஒரு பகுதியைத் தம் குண்டு எழுத்தில் படியெடுத்திருந்தார்.

விழுப்புரத்திலிருந்து எல்லை வரை எஸ்.ஐ.ஆர். பாதை. எல்லையிலிருந்து பாண்டிச்சேரி வரை, ஏறத்தாழ எட்டு மைல், பாண்டிச்சேரி இரயில்வே கம்பெனி என்ற வேறொரு கம்பெனிக்குச் சொந்தம். பிரெஞ்சு அரசின் அனுமதி பெற்று அது பாதை போட்டது. ஆனால் வண்டி ஓட்டியதும், பாதையைக் காத்ததும், ஆளுக்குக் கூலி கொடுத்ததும் எஸ்.ஐ.ஆர். காரைக்காலிலும் இதே முறைதான். 1898-இல் திறந்த பேரளம் – காரைக்கால் பாதையையும் எஸ்.ஐ.ஆரே ஓட்டியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாண்டிச்சேரிக் கம்பெனியும் பிரெஞ்சுக்காரர் கம்பெனி அன்று. அதுவும் இங்கிலாந்தில் அமைந்ததே. பிரெஞ்சு மண், ஆங்கிலேயர் முதல், எஸ்.ஐ.ஆர். வண்டி, சின்னபாபுசமுத்திரத்துக் கால்கள்.

ஆகவே, தந்தையார் சொன்னது சரி. சம்பளம் எஸ்.ஐ.ஆருடையது, பிரெஞ்சு அரசுக்கு அவரோடு எந்தக் கடனும் இல்லை. பாட்டனார் கேட்ட கேள்வியும் சரி. அவர் நடந்த பாதை எஸ்.ஐ.ஆருடையது இல்லை. தந்தையார் அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. கேட்டவர் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு நாற்பத்தோர் ஆண்டுகள் அந்தத் தாளைப் பெட்டிக்கடியில் வைத்திருந்தார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை? மூத்தவள் ஒரு காரணம் சொல்கிறாள், இளையவன் ஒரு காரணம் சொல்கிறான். நாங்கள் ஒருமனப்பட்டதில்லை.

தாளின் பின்பக்கம் பென்சிலில் ஒரு கணக்கு இருந்தது. மூன்று மைல் போக, மூன்று மைல் வர, நாளொன்றுக்கு 6 மைல். ஆண்டுக்கு 300 நாள். 1923 முதல் 1954 வரை 31 ஆண்டு. பெருக்கிய தொகை 55,800. அன்றாட வரவைக் கூட்டி முடித்ததும் கணக்குப் புத்தகத்தில் போடுவது போல, அதன்கீழ் இரட்டைக் கோடு. அதற்குமேல் ஒரு சொல்லும் எழுதவில்லை.

திண்டிவனத்தில் இப்போது மீட்டர் பாதை கிடையாது. செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு 2006-07-இல் அனுமதித்த புதுப் பாதையில் இன்னும் வண்டி ஓடவில்லை. அது வந்தால் எங்கள் ஊரும் சந்திப்பு ஆகும் என்று ஊரார் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள். பாண்டிச்சேரிப் பாதை 2004-இல் அகலப் பாதையாயிற்று. அண்மையில் ஒரு நாள் நாங்கள் மூவரும் விழுப்புரத்தில் வண்டி மாறி அதில் போனோம். எல்லை எங்கே என்று சன்னல் வழியாகத் தேடினோம். எல்லைக்கல் எதுவும் கண்ணில் படவில்லை. சின்னபாபுசமுத்திரம் கழிந்து சிறிது தூரத்தில், தோளில் சாவியும் கையில் சுத்தியலுமாக ஒருவர் பாதையைவிட்டு இறங்கி நின்று, எங்கள் வண்டியின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காள் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். கணக்குத் தவறு என்றார். மழைக்காலத்து இரவு நடையை அப்பா சேர்க்கவே இல்லையாம். இளையவன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினான். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம், வாரத்துக்கு மூன்று இரவு என்று வைத்துக்கொள்ளலாமா, நான்கா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே வில்லியனூர் வந்துவிட்டது.